வேன் ஏன் சாய்கிறது? – ஈர்ப்பு மையப் பாடத்துக்கு ஒரு பழைய வண்டி

மேல்நிலை முதலாம் ஆண்டு இயற்பியலில் ஈர்ப்பு மையம், திருப்பு விசை, உராய்வு, வட்ட இயக்கம், தடையுறு அலைவு ஆகியவை தனித்தனித் தலைப்புகளாக வருகின்றன. மாணவர்கள் அவற்றைத் தனித்தனியாகப் படிக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் தனித்தனியாகவே மறந்தும் விடுகிறார்கள். இந்த ஐந்தும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் பொருள் ஒன்று நம் பள்ளி வாசலிலேயே நிற்கிறது. அதுதான் பழைய வேன்.

வார இறுதியில் கருவடிக்குப்பம் சிவாஜி சிலை அருகே நின்று கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்தால் எத்தனை வகை வேன்கள்! சென்னையிலிருந்து வரும் சுற்றுலா வேன், வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் செல்லும் யாத்திரை வேன், பிள்ளைகளை ஏற்றிவரும் பள்ளி வேன். வெளிநாட்டினர் பழைய வேனை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து, 'கேம்பர் வேன்' என்ற நடமாடும் வீடாக மாற்றிக்கொள்கிறார்கள். நம் யாத்திரை வேனும் ஏறக்குறைய அதுதான். அரிசி மூட்டை, அண்டா, அடுப்பு, தண்ணீர் கேன், பாய், பெட்டி எல்லாம் அதில் ஏறும். பாதிக்கு மேல் கூரையில்தான் ஏறும். இந்த வண்டிகளை ஓட்டுபவர்களும் பழுது பார்ப்பவர்களும் பலர் நம் மாணவர்களின் தந்தையர், அண்ணன்மார். எனவே இந்தப் பாடம் வகுப்பறையோடு நிற்பதில்லை. வீட்டுக்கும் போய்ச் சேரும்.

'டெம்போ' என்ற சொல்லிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். அது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிறுவனம் ஒன்றின் வண்டிப் பெயர். 1958இல் தொடங்கிய பஜாஜ் டெம்போ நிறுவனம் வழியாக நம் ஊருக்கு வந்து, பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது. அந்த நிறுவனம் 1969இல் மட்டடார் வேனையும், 1987இல் டிராவலர் வேனையும் கொண்டுவந்தது. பழைய மாடல் வண்டிகள் பலவற்றில், இன்றைய புதிய கார்கள் சறுக்கும்போதும் சாயும்போதும் தானாகத் திருத்தும் மின்னணுக் கருவி கிடையாது. அவற்றை நிலையாக வைத்திருப்பது இயற்பியல் மட்டுமே.

கற்றல் நோக்கங்கள்

1. சுமையின் இடம் மாறினால் ஈர்ப்பு மையம் எவ்வளவு மாறும் என மாணவர் கணக்கிட வேண்டும்.
2. வளைவில் ஒரு வண்டி முதலில் சறுக்குமா, கவிழுமா என்பதை முடிவு செய்யத் தெரிய வேண்டும்.
3. பழைய வண்டியின் நிலைத்தன்மையைக் கூட்ட எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்று காரணத்துடன் வரிசைப்படுத்த வேண்டும்.

தேரிலிருந்து தொடங்குவோம்

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரைப் பார்க்காத மாணவர் நம் ஊரில் அரிது. அவ்வளவு உயரமான தேர் ஆட்டத்தோடு வீதி சுற்றியும் ஏன் கவிழ்வதில்லை என்று கேளுங்கள். அடியில் கனமான மரமும் சக்கரங்களும் அச்சும் இருக்கின்றன. மேலே மூங்கிலும் துணியும்தான். கண்ணுக்கு உயரம் தெரிகிறது. எடை கீழேதான் இருக்கிறது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையும் இதே உண்மையைச் சொல்கிறது. பொருளின் உயரத்தைவிட, அதன் எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதே முக்கியம். யாத்திரை வேனில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர்: கனத்தைத் தூக்கிக் கூரையில் கட்டுகிறோம்.

செயல்பாடு 1: சாய்பலகை

தேவை: 8 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள அட்டைப் பெட்டி, 200 கிராம் மணல் பொட்டலம், ஒரு பலகை, பாகைமானி.

பெட்டியைப் பலகையில் நிறுத்துங்கள். அது சறுக்காமல் இருக்க, கீழ்ப்பக்க விளிம்பில் மெல்லிய குச்சி ஒன்றை ஒட்டுங்கள். பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்தி, பெட்டி கவிழும் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நிலைகளில் செய்ய வேண்டும்: வெறும் பெட்டி, மணல் அடியில், மணல் மேலே.

ஈர்ப்பு மையத்திலிருந்து விழும் குத்துக்கோடு அடிப்பரப்பைத் தாண்டும்போது பெட்டி கவிழும். ஆகவே கவிழும் கோணத்தின் டேன் மதிப்பு, பாதி அகலத்தை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்தால் கிடைக்கும். பெட்டியின் நிறை 50 கிராம் எனக் கொண்டால்:

வெறும் பெட்டி: ஈர்ப்பு மைய உயரம் 10 செ.மீ.; கவிழும் கோணம் சுமார் 22 பாகை.
மணல் அடியில், 2 செ.மீ. உயரத்தில்: ஈர்ப்பு மையம் 3.6 செ.மீ.; கோணம் சுமார் 48 பாகை.
மணல் மேலே, 18 செ.மீ. உயரத்தில்: ஈர்ப்பு மையம் 16.4 செ.மீ.; கோணம் சுமார் 14 பாகை.

பெட்டியும் அதேதான், மணலும் அதேதான். இடம் மட்டும் மாறியது. கோணம் 48இலிருந்து 14ஆக இறங்கியது. கணக்கைப் பலகையில் எழுதும் முன், மாணவர்களை அளந்து பார்க்க விடுங்கள். அளந்த கோணம் கணக்கிலிருந்து இரண்டு மூன்று பாகை விலகினால், அதற்கான காரணத்தை அவர்களே தேடட்டும்.

பெட்டியிலிருந்து வேனுக்கு

இப்போது ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். இடது, வலது சக்கரங்களின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தைத் தட அகலம் என்போம். கணக்குக்காகத் தட அகலம் 1.5 மீ., வண்டியின் நிறை 2,000 கி.கி., ஈர்ப்பு மைய உயரம் 0.8 மீ. எனக் கொள்வோம். பாதித் தட அகலத்தை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்தால் கிடைப்பதை நிலைத்தன்மை எண் என்று அழைக்கலாம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2001ஆம் ஆண்டு மாடல் வண்டிகள் முதல், கவிழும் ஆபத்தை மதிப்பிட இதே எண்ணைத்தான் பயன்படுத்துகிறது.

சுமையில்லாத வேன்: 0.75 ÷ 0.8 = 0.94.

200 கி.கி. சாமானைக் கூரையில், தரையிலிருந்து 2.4 மீ. உயரத்தில் கட்டினால், ஈர்ப்பு மையம் (2000 × 0.8 + 200 × 2.4) ÷ 2200 = 0.945 மீ. ஆக உயரும். நிலைத்தன்மை எண் 0.79.

அதே 200 கி.கி. சாமானை உள்ளே தளத்தில், 0.6 மீ. உயரத்தில் வைத்தால், ஈர்ப்பு மையம் 0.78 மீ. நிலைத்தன்மை எண் 0.96.

மூன்றாவது விடையை மாணவர்கள் நம்ப மாட்டார்கள். சுமை ஏற்றிய வண்டி, வெறும் வண்டியைவிடச் சற்றே கூடுதல் நிலையாக நிற்கிறது! சுமையே ஆபத்து என்பதல்ல, சுமையின் இடமே ஆபத்து என்பதை இந்த ஒரு கணக்கு காட்டிவிடும்.

சறுக்குமா, கவிழுமா?

பாடத்தின் நடு முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இந்திரா காந்தி சதுக்கத்தில் வண்டி திரும்புவதாகக் கொள்வோம். வளைவின் ஆரம் 20 மீ. என்று வைத்துக்கொள்ளலாம். திரும்புவதற்கு வேண்டிய மையநோக்கு விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. வேகம் கூடக் கூட இரண்டில் ஒன்று நடக்கும்.

முதலாவது, உராய்வு போதாமல் போகலாம். வேகத்தின் இருமடியை, ஆரம் மற்றும் ஈர்ப்பு முடுக்கத்தின் பெருக்குத்தொகையால் வகுத்தால் வரும் எண், உராய்வுக் குணகத்தைத் தாண்டினால் வண்டி சறுக்கும்.

இரண்டாவது, உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழலாம். அதே எண், நிலைத்தன்மை எண்ணைத் தாண்டினால் வண்டி கவிழும்.

இரண்டு நிபந்தனைகளிலும் வண்டியின் நிறை நீங்கிவிடுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆக, எது முதலில் நடக்கும் என்பதைச் சொல்ல இரண்டே எண்கள் போதும்: உராய்வுக் குணகம், நிலைத்தன்மை எண். எது சிறியதோ அது முந்தும்.

காய்ந்த தார்ச்சாலையின் உராய்வுக் குணகத்தை 0.8 எனக் கொள்வோம். சுமையில்லாத வேனின் எண் 0.94, எனவே அது மணிக்கு சுமார் 45 கி.மீ. வேகத்தில் சறுக்கத் தொடங்கும். டயர் கிறீச்சிடும், ஓட்டுநருக்கு எச்சரிக்கை கிடைக்கும். கூரையில் சுமை கட்டிய வேனின் எண் 0.79, அது 0.8ஐவிடச் சிறியது. சறுக்கும் முன்பே உள்பக்கச் சக்கரம் எழுந்துவிடும். நேற்று வரை எச்சரித்த வண்டி, இன்று எச்சரிக்காது. ஓட்டுநர் அதே ஆள், சாலை அதே சாலை. இரண்டு வேகங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மிகச் சிறிது. ஆனால் நடப்பது முற்றிலும் வேறு.

மழையில் உராய்வுக் குணகம் 0.4ஆகக் குறைந்தால், இரண்டு வண்டிகளும் மணிக்கு சுமார் 32 கி.மீ. வேகத்திலேயே சறுக்கும். அப்படியானால் மழையில் கவிழ்வதில்லையா என்று ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார். பக்கவாட்டில் சறுக்கும் வண்டியின் சக்கரம் தாரின் ஓரப் பள்ளத்திலோ நடுத்திட்டின் கல்லிலோ தட்டினால், அந்த இடமே திருப்பு மையமாகிவிடும். செயல்பாடு 1இல் நாம் ஒட்டிய குச்சி அங்கே கல்லாக நிற்கிறது.

பயணிகளும் சுமைதான். 15 பேர் அமரும் வேன்களைப் பற்றி அதே அமெரிக்க அமைப்பு 2001இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஒற்றை வாகன விபத்துகளில், 10 பேரோ அதற்கு மேலோ ஏறிய வேன்கள் கவிழ்ந்த விகிதம், குறைந்த ஆட்களோடு சென்ற வேன்களைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு. இருக்கைகள் உயரத்திலும் பின்னாலும் இருப்பதால், ஆட்கள் ஏற ஏற ஈர்ப்பு மையம் மேலேயும் பின்னேயும் நகர்ந்ததே காரணம்.

பழசானால் என்ன ஆகிறது?

மேலே செய்த கணக்கில் வண்டியை விறைப்பான பெட்டியாக எண்ணினோம். உண்மையில் வளைவில் பட்டைகளும் டயரும் ஒரு பக்கம் அமுங்கி, உடல் வெளிப்பக்கம் சாய்கிறது; ஈர்ப்பு மையமும் அதோடு நகர்கிறது. அது 8 செ.மீ. நகர்ந்தால், சுமையில்லாத வேனின் எண் 0.94இலிருந்து 0.84ஆகவும், கூரைச் சுமையுள்ள வேனின் எண் 0.79இலிருந்து 0.71ஆகவும் குறையும். புஷ் தேய்ந்த, பட்டை தளர்ந்த, டயரில் காற்று குறைந்த பழைய வண்டியில் இந்தச் சாய்வு இன்னும் கூடும். வண்டி பழசானால் ஏன் 'ஆடுகிறது' என்பதற்கு விடை இதுதான்.

ஷாக் அப்சார்பரைத் தடையுறு அலைவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். பட்டை ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. ஷாக் அந்த ஆற்றலை வெப்பமாக்கிக் கழிக்கிறது. ஷாக் போய்விட்டால் ஒவ்வொரு வேகத்தடைக்குப் பிறகும் வண்டி பலமுறை எழும்பி அமுங்கும். எழும்பும் நேரத்தில் டயர் சாலையை அழுத்துவது குறையும், உராய்வும் குறையும்.

செயல்பாடு 2: பாதித் தண்ணீர்

இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்கள்: ஒன்றில் முழுத் தண்ணீர், ஒன்றில் பாதி. இரண்டையும் படுக்க வைத்து, சக்கரம் வைத்த பலகையில் கட்டித் தள்ளிச் சட்டென நிறுத்துங்கள். முழுப் பாட்டில் பலகையோடு நின்றுவிடும். பாதிப் பாட்டிலில் தண்ணீர் முன்னே ஓடி, திரும்பி வந்து, பலகையையும் இழுத்து ஆட்டும். வண்டியில் வைக்கும் தண்ணீர்த் தொட்டியைத் தாழ்வாக, அச்சுகளுக்கு நடுவே வைக்க வேண்டும். முழுதாக நிரப்ப வேண்டும் அல்லது காலியாக வைக்க வேண்டும். பெரிய தொட்டிக்கு உள்தடுப்புகள் தேவை. சாலையில் செல்லும் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் எதற்கு என்பதும் இப்போது புரியும்.

பின்பாரமும் பக்கக் காற்றும்

பின்சக்கர அச்சுக்கு 1 மீ. பின்னால் 100 கி.கி. சாமான் வைத்தால் என்ன ஆகும்? முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 3 மீ. எனில், முன் அச்சின் மேலுள்ள சுமை சுமார் 33 கி.கி. குறையும், பின் அச்சில் 133 கி.கி. கூடும். முன்சக்கரம் இலேசாகிவிட்டால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. ஏற்ற இறக்கப் பலகை விளையாடிய எந்த மாணவரும் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார்.

கடலோரச் சாலையில் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேனின் பக்கப் பரப்பு 10 சதுர மீட்டர், பக்கக் காற்றின் வேகம் மணிக்கு 54 கி.மீ. எனக் கொண்டு, இழுவைக் குணகம் 1 என எடுத்தால், காற்றின் விசை சுமார் 1,350 நியூட்டன். ஏறத்தாழ 138 கி.கி. எடைக்குச் சமமான விசை பக்கத்திலிருந்து தள்ளுகிறது. சவுக்குத் தோப்பின் மறைவில் சென்ற வண்டி, மரக்காணம் உப்பளம் போன்ற வெட்டவெளிக்கு வந்ததும் இந்த விசை திடீரென வந்து மோதும். கூரையில் சாமான் கட்டினால் பரப்பும் கூடுகிறது, விசை தள்ளும் உயரமும் கூடுகிறது.

செயல்பாடு 3: வண்டியைப் பார்த்தல்

ஓட்டுநரின் ஒப்புதலோடும் அவர் முன்னிலையிலும் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். இன்ஜின் அணைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்திருக்க வேண்டும். எந்த மாணவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

குழு 1: நாடாவால் தட அகலத்தையும் அச்சுகளின் இடைத்தூரத்தையும் அளக்கட்டும்.
குழு 2: டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைத் தேடட்டும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. நான்கு டயர்களின் வயதும் ஒன்றுதானா?
குழு 3: ஓட்டுநர் வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிடட்டும், எத்தனை முறை ஆடி நிற்கிறது என்று எண்ணட்டும். ஓரிரு முறைக்கு மேல் ஆடினால் ஷாக்கைச் சோதிக்க வேண்டும்.
குழு 4: வழக்கமாக எந்தச் சாமான் எங்கே ஏறும் என்று ஓட்டுநரிடம் கேட்டு, வண்டியின் படம் வரைந்து எடையோடு குறிக்கட்டும். பள்ளி வேனாக இருந்தால் கூரையில் போகும் புத்தகப் பைகளை எண்ணட்டும். 20 பைகள், ஒவ்வொன்றும் 5 கி.கி. என்றால் 100 கி.கி.!

குறை காண்பதற்காக நாம் போகவில்லை; கற்றுக்கொள்ளப் போகிறோம் என்பதை ஓட்டுநரிடமும் மாணவரிடமும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. வண்டியின் குணத்தைக் கையாலேயே அறிந்தவர் அவர். அவர் சொல்வதைக் கேட்டு, அதற்குரிய இயற்பியல் பெயரைச் சேர்ப்பதுதான் நம் வேலை.

எதை முதலில் செய்வது?

பழைய வேனை நிலையாக்க வேண்டும் என்றதும் பலரும் புதிதாக எதையாவது சேர்க்கத்தான் நினைக்கிறார்கள். இயற்பியல் சொல்லும் வரிசை வேறு.

முதலில், செலவில்லாதது: கூரைச் சுமையை இறக்கித் தளத்தில், அச்சுகளுக்கு நடுவே, இரு பக்கமும் சமமாக வைத்து, நகராதபடி கட்டுவது. கூரையில் போயே தீர வேண்டுமென்றால் பாய், தலையணை போன்ற இலேசான பொருள்கள் மட்டும்.

இரண்டாவது, சிறு செலவு: டயரில் வண்டி நிறுவனம் குறித்துள்ள அளவுக்குக் காற்று, வயதான டயரை மாற்றுதல், சக்கர நேர்ப்பாடு பார்த்தல்.

மூன்றாவது, பட்டறை வேலை: தேய்ந்த ஷாக், புஷ், தளர்ந்த பட்டை, ஸ்டியரிங் மூட்டுகள் ஆகியவற்றை மாற்றி, வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது.

கடைசியில்தான் புதிதாகச் சேர்ப்பவை. இங்கே எச்சரிக்கை தேவை. பாரம் தாங்கக் கூடுதல் பட்டை போட்டால் வண்டி உயர்ந்து, ஈர்ப்பு மையமும் உயரக்கூடும். பெரிய டயரும் அப்படியே. தட அகலத்தைக் கூட்டச் சக்கரத்தை வெளியே தள்ளினால் பேரிங்கின் மேல் சுமை கூடும். இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் சாய்வைக் குறைக்கும். ஆனால் ஈர்ப்பு மையத்தை இறக்காது. வண்டியின் அமைப்பை நிறுவனம் வடிவமைத்ததிலிருந்து விருப்பப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் மாணவர் அறிய வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இதே பாடத்தைக் கற்றுத்தான் வந்துள்ளன. 1997இல் சுவீடன் இதழ் ஒன்று நடத்திய சோதனையில், சாலையில் குறுக்கிடும் காட்டெருதுபோன்ற மானைத் தவிர்க்க ஒடித்துத் திருப்புவதுபோல ஓட்டியபோது, மெர்சிடிஸ் நிறுவனத்தின் புதிய ஏ வகுப்புக் கார் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் அந்தக் காரின் எல்லா வண்டிகளிலும் மின்னணு நிலைப்படுத்தியைச் சேர்த்தது. நம் பழைய வேனுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் கூரைச் சாமானைக் கீழே இறக்கும் வசதி இருக்கிறது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. மேற்கண்ட வேனில் கூரைச் சுமை 200க்குப் பதில் 100 கி.கி. எனில் நிலைத்தன்மை எண் என்ன? காய்ந்த சாலையில் அது முதலில் சறுக்குமா, கவிழுமா? (விடை: சுமார் 0.86, சறுக்கும்.)
2. பாதி நிரம்பிய தண்ணீர்த் தொட்டி, முழுதும் நிரம்பியதைவிட வளைவில் ஏன் அதிகத் தொல்லை தரும்?
3. முன்சக்கரம் இலேசாக இருப்பதாக ஓட்டுநர் ஒருவர் சொல்கிறார். சாமானை எப்படி மாற்றி அடுக்கச் சொல்வீர்கள்? கணக்குடன் விளக்குக.
4. உங்கள் குடும்பம் 12 பேரோடு வேனில் வேளாங்கண்ணிக்குப் புறப்படுகிறது. சாமான் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றும் எங்கே வைக்கப்பட வேண்டும் என வரைந்து காட்டுக.

நான்காவது வினாவை வீட்டுப்பாடமாகத் தருவது நல்லது. பெற்றோரிடம் பேசித்தான் அதை எழுத முடியும். அடுத்த பயணத்துக்கு முன் ஒரு வீட்டில் அண்டாவும் அரிசி மூட்டையும் கூரையிலிருந்து தளத்துக்கு இறங்கினால், அந்த மாணவருக்கு இந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் தரலாம்.